லல்லா பத்தூலின் தேநீர்

7

முதல் கல் காரின் கூரையில் விழுந்து உருண்டது. இரண்டாவது தாமியின் தொப்பிக்கு ஒரு சாண் தள்ளிப் பறந்து மருத்துவமனைச் சுவரில் மோதியது.

"குறி தேறி வருது, முதலாளி," என்றாள் ஷாமா, வறுத்த கடலையை மென்றுகொண்டே. "மூணாவது உங்களுக்குத்தான்."

"வாயை மூடிட்டு நட."

"ரெண்டுல ஒண்ணுதான் என்னால முடியும்."

தாமி திரும்பி முறைத்தார். போலீஸ் வேலையிலிருந்து துரத்தப்பட்டு, தனியாகத் துப்பறியத் தொடங்கிய பிறகு மெக்னஸ் நகரத்தில் அவருக்கு எதிரியாகாமல் மிஞ்சியவர்கள் இரண்டே பேர். ஒன்று அவர் பூனை, இன்னொன்று உதவியாளர் ஷாமா. அதிலும் ஷாமாவைப் பற்றி அவருக்கு அவ்வப்போது சந்தேகம் வரும்.

வாசலில் புஷைப் நின்றான். கசாப்புக் கடையிலிருந்து அப்படியே வந்திருந்தான். மேலங்கியில் ரத்தம் காயவில்லை. அவனுக்குப் பின்னால் சித்தப்பன் பிள்ளைகள், கையில் கற்களோடு.

"அந்த டாக்டரம்மாவுக்கு வக்காலத்து வாங்க வந்தியா?" என்றான் தாமியிடம். "என் தம்பி அல்லால் உள்ள மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டுக் கெடக்கான். அவ மாத்திரையைத் தின்னுட்டு நேத்துக் கல்யாண மேளத்துல கை வெச்சவன் அப்படியே நீலம் பூத்து விழுந்தான். அவனைச் சோதனை எலின்னு நெனச்சாளா அவ?"

"உண்மை என்னன்னு பார்க்க வந்தேன்."

"உண்மையை நான் சொல்றேன் கேட்டுக்கோ. சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்றதுக்கு முன்னாடி போலீஸ் அவளைக் கூட்டிட்டுப் போகணும். இல்லேன்னா நாங்களே உள்ள போவோம்."

ஷாமா கடலைப் பொட்டலத்தை அவன் பக்கம் நீட்டினாள். "எடுத்துக்கோங்க அண்ணே. கல்லைவிட இது சுலபமா மெல்லலாம்."

அவன் தட்டிவிட்டான். கடலை படியெல்லாம் சிதறியது.

உள்ளே டாக்டர் உம்ஹானி ஜன்னலைச் சாத்திவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தாள். நாற்பதைத் தாண்டாத முகம், ஒரு வாரம் தூங்காத கண்கள். வரவேற்பு எதுவும் இல்லை.

"உங்களை நான் கூப்பிடல. என் அக்கா கூப்பிட்டா. கேக்கறதைக் கேட்டுட்டுக் கிளம்புங்க."

"மாத்திரையைக் காட்டுங்க," என்றார் தாமி.

அவள் மேசையில் ஒன்றை வைத்தாள். சின்ன வெள்ளை வட்டம்.

"அட, இது நான் தினம் முழுங்கறது! ரத்த அழுத்தத்துக்கு."

"அதேதான். பழைய மருந்து. இதயம் ஓடற ஓட்டத்தைக் கட்டிப்போடும். என் கேள்வி இதுதான். நாலு பேர் முன்னால நிக்கவே நடுங்கறவங்க, காரணம் இல்லாம நெஞ்சு படபடக்கறவங்க, இவங்களுக்கு இதயத்தைச் சும்மா இருக்கச் சொன்னா பயமும் சும்மா இருக்குமா?"

"இருக்கும் டாக்டர்," என்றாள் ஷாமா. "போன மாசம் ஃபேஸ் ஊருக்குப் போற பஸ்ஸுல தண்ணி கிடைக்காம முதலாளி இதை வாயிலயே போட்டு அடக்கிக்கிட்டார். ஊர் வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. என் வாழ்க்கையிலயே நல்ல பஸ் பயணம் அதுதான்."

டாக்டர் சிரிக்கவில்லை. தன் வழக்கைத் தானே வாசிப்பவள் போல வேகமாகச் சொல்லி முடித்தாள். நோயாளிகளில் பாதிப் பேருக்கு நிஜ மருந்து. மீதிப் பேருக்குச் சுண்ணாம்பு மாத்திரை, பார்க்க அச்சு அசல் அதேதான். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அந்த விவரம் முத்திரை வைத்த உறையில் இருந்தது. இன்று காலை போலீஸ் முன்னால் உறையைப் பிரித்தார்கள். அல்லாலுக்குக் கொடுத்தது சுண்ணாம்பு. ஆனால் அவன் ரத்தத்தில் இருப்பது மருந்து, அதுவும் ஒரு வேளைக்கு மேல்.

"அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்து இரைப்பு. என்கிட்ட மறைச்சுட்டான். இரைப்பு உள்ளவங்களுக்கு இந்த மாத்திரை விஷம். மூச்சுக்குழாயை இறுக்கிடும். ஒவ்வொருத்தரையும் நான் கேட்டேன். இல்லன்னு சொன்னான்."

"மருந்து அலமாரிச் சாவி?"

"என்கிட்ட ஒண்ணு. பேராசிரியர் ஃபவ்ஸிகிட்ட ஒண்ணு."

பெயர் சொன்னதும் ஆளே வந்துவிட்டார். கதவைத் தட்டவும் இல்லை. துறைத் தலைவர், வாசனைத் திரவியம் ஊரைக் கூட்டியது.

"இன்னும் இங்கதான் இருக்கியா உம்ஹானி? பைத்தியத்துக்கும் பிரஷர் மாத்திரைக்கும் முடிச்சுப் போடாதேன்னு நான் ஆரம்பத்துலயே சொன்னேன். சாயங்காலம் உன் அறையைப் பூட்டப் போறேன்."

"முடிச்சு சரியா விழுந்தா ஆராய்ச்சியில உங்க பேரையும் போடச் சொன்னீங்களே சார்," என்றாள் டாக்டர்.

அவர் முகம் சிவந்தது. கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

"அவர்தான்," என்றாள் ஷாமா. "பந்தயம் கட்டறேன். மூக்கைப் பார்த்தீங்களா? அடுத்தவன் தட்டையே மோந்துக்கிட்டு இருக்கற மூக்கு."

தாமி அதைக் காதில் வாங்கவில்லை. "டாக்டர், உறையைப் பிரிச்சாச்சுன்னா ஒப்பிட்டுப் பார்த்திருப்பீங்க. குணமானது யாருக்கு?"

டாக்டரின் தோள் தொங்கியது. "அதைத்தான் ஜீரணிக்க முடியல. எல்லாருக்கும் கொஞ்சம் குணம். மருந்து தின்னவங்களுக்கு நான் எதிர்பார்த்ததுல பாதி. சுண்ணாம்பு தின்னவங்களுக்கும் அதே பாதி. தராசுல நிறுத்த மாதிரி."

"அவங்ககிட்ட இருக்கற மிச்ச மாத்திரை?"

"திருப்பிக் கொடுக்கச் சொல்லியாச்சு. அஸருக்குள்ள வரணும். சோதிச்சுப் பார்ப்பாங்க. ஒவ்வொரு டப்பாவுலயும் இருக்க வேண்டியது இருந்தா, அல்லாலுக்கு நான்தான் தனியா கொடுத்தேன்னு ஆகும். வேற வழியே இல்ல. பத்தூல்னு என் நோயாளி ஒருத்தங்க எதிர்ச் சந்துல இருக்காங்க. எல்லார் டப்பாவையும் அவங்களே வாங்கிட்டு வர்றதா சொன்னாங்க."

"எல்லாரோடதையுமா?" தாமி தொப்பியை எடுத்தார். "ரொம்ப நல்ல மனசு."

ஊரார் மரியாதையாக லல்லா என்று அழைக்கும் பத்தூல் கதவை ஒரு விரல் அளவுதான் திறந்தாள். மெக்னஸில் பாதிக் கல்யாணப் பெண்களுக்கு மருதாணி வரைந்த கை அது. கல்யாண வீடுகளில் பயத்தில் மருதாணி ஊசி நடுங்கி, பூ இருக்க வேண்டிய இடத்தில் புழு வரையத் தொடங்கிய பிறகுதான் டாக்டரிடம் போனாள்.

"போலீஸா?"

"இல்ல லல்லா. போலீஸே வேண்டாம்னு துரத்தினவர்," என்றாள் ஷாமா.

"அப்ப வந்த வழியே போங்க."

"தாகமா இருக்கு," என்றார் தாமி.

பத்தூலின் வாய் இறுகியது. எவ்வளவு வெறுப்பு இருந்தாலும், தாகம் என்று வாசலில் நிற்பவனைத் திருப்பி அனுப்பியவள் என்ற பேர் சந்து முழுக்க ஓடிவிடும். கதவைத் திறந்தாள்.

உள்ளே இன்னொருவர் இருந்தார். பள்ளிக்கூட வாத்தியார் லர்பி. வகுப்புக்கு இன்ஸ்பெக்டர் வந்தால் மயங்கி விழுகிற மனிதர், டாக்டரின் இன்னொரு நோயாளி. அவர்களைப் பார்த்ததும் திண்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பத்தூல் தட்டை இழுத்து முன்னால் வைத்தாள். தட்டில் கெண்டி, புதினாக் கட்டு, மூடி போட்ட மூன்று வெள்ளிப் பெட்டிகள். பேச்சு ஒரு பக்கம் கத்தி மாதிரி போக, கை தன் வேலையைச் செய்தது.

"டாக்டர் கொடுத்தா. அவன் தின்னான். விழுந்தான். எங்களுக்கென்ன தெரியும்?" கொஞ்சம் ஊற்றி ருசி பார்த்தாள். முகம் சுளித்தாள். ஒரு கட்டிச் சர்க்கரையைக் கெண்டியில் போட்டாள்.

"அல்லாலை உங்களுக்குத் தெரியுமா லல்லா?"

"ஊருக்கே தெரியும். மேளக்காரன்." மறுபடி ருசி. மறுபடி சுளிப்பு. இன்னொரு கட்டி.

"இங்க வருவானா?"

"என் வீட்டுக்கு யார் வந்தா உனக்கென்ன? வாத்தியாரே, நீங்க ஏன் முழிக்கிறீங்க? குடிங்க." இன்னொரு கட்டி.

உயரத்திலிருந்து ஊற்றினாள். நூல் பிடித்த மாதிரி இறங்கியது தேநீர், ஒரு சொட்டு வெளியே தெறிக்கவில்லை. அந்தக் கை இப்போது நடுங்கவில்லை என்பதை ஷாமா பார்த்துக்கொண்டாள். பிறகு குடித்தாள். பல்லின் வேர் வரை கூசியது. தாமி ஒரு மிடறு குடித்துவிட்டு, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் சுவரைப் பார்த்தார். வாத்தியார் கோப்பையைத் தொட்டதோடு சரி. பத்தூல் மட்டும் தன் கோப்பையைத் தண்ணீர் மாதிரி குடித்து வைத்தாள்.

"தாகம் தீர்ந்ததா? கதவு அங்க இருக்கு."

சந்துக்கு வந்ததும் ஷாமா நாக்கை வெளியே நீட்டித் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணு புரியல முதலாளி. பேச்சைக் கேட்டா நம்ம கழுத்தை அறுக்கற மாதிரி இருக்கு. தேநீரைக் குடிச்சா மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு வெச்ச மாதிரி இருக்கு. கோவத்துல இருக்கறவ சர்க்கரையை இப்படியா கொட்டுவா? ருசி பார்த்துப் பார்த்து வேற போட்டா. நாக்கு மரத்துப்போச்சா அவளுக்கு?"

தாமி நின்றுவிட்டார்.

"என்ன சொன்னே?"

"சும்மா ஒரு பேச்சுக்கு..."

"ஃபேஸ் பஸ். நான் ஏன் பேசல தெரியுமா?"

"மருந்து மனசை அமைதியாக்கிச்சு."

"மண்ணாங்கட்டி. மாத்திரை வாயில கரைஞ்சு நாக்கு மரத்துப்போச்சு. என் நாக்கு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல." அவர் ஏற்கெனவே திரும்பி நடந்துகொண்டிருந்தார். "மாத்திரையை எல்லாரும் முழுங்குவாங்க. நாக்குல வெச்சுப் பார்க்கறவங்க யாரு?"

இந்த முறை கதவைத் தட்டவில்லை. உள்ளே போய்த் தட்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு பெட்டியில் தேயிலை. அடுத்ததில் சர்க்கரை. மூன்றாவது பெட்டியை யாரும் திறக்கவே இல்லை. அவர் திறந்தார்.

வெள்ளை மாத்திரைகள். சிலவற்றின் ஓரம் பல்லால் கீறப்பட்டிருந்தது. வாத்தியாரின் மடியிலிருந்து திண்டு நழுவியது. அதன் அடியில் டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொருவர் பெயர்.

"அதைத் தொடாதே!" பத்தூல் எழுந்தாள்.

தாமி ஒரு மாத்திரையை எடுத்து, பல்லால் நொறுக்கி, நாக்கில் பரப்பி, வாயை மூடிக்கொண்டார். முகம் கோணியது, அவ்வளவு கசப்பு. சற்று நேரம் கழித்து, தான் மீதி வைத்த கோப்பையை எடுத்து, முன்பு ஒரு மிடறுக்கே சுவரைப் பார்த்தவர், கடைசிச் சொட்டு வரை நிதானமாகக் குடித்தார். கண் இமை கூட அசையவில்லை. கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஷாமாவைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"தோ... ழு... தா..."

"முதலாளியால இனி பேச முடியாது," என்றாள் ஷாமா. "இப்படி ஒரு நாள் வராதான்னு ஏங்கினேன். வந்த நேரம்தான் சரியில்ல."

தாமி பத்தூலைச் சுட்டி, ஷாமாவைச் சுட்டினார். நீ பேசு. அவர் கண்ணில் கேலி இல்லை. ஷாமாவின் நெஞ்சு ஒரு முறை தாறுமாறாக அடித்தது. பெட்டியில் கையை விட்டு ஒன்றைப் போட்டுக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது.

"லல்லா," என்றாள். "கசக்கறது மருந்து. கசக்காதது சுண்ணாம்பு. அதைக் கண்டுபிடிக்க டாக்டருக்கு முத்திரை உறை வேணும், உங்களுக்கு நாக்கு போதும். இப்ப நீங்க இதைப் பிரிச்சு அவங்கவங்க டப்பாவுல திருப்பிப் போட்டுக்கிட்டு இருக்கீங்க. திருப்பிப் போடறீங்கன்னா, முன்னாடி ஒண்ணாக் கலந்திருக்கீங்க. அதனாலதான் எல்லாருக்கும் பாதிக் குணம்."

வாத்தியார் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

பத்தூல் மட்டும் நிமிர்ந்து நின்றாள். "ஆமாம். கலந்தேன். என்ன இப்போ?" குரல் ஏறியது. "மருந்து கொடுக்கற நாளெல்லாம் இங்கதான் உட்காருவோம். ஒரு நாள் வாத்தியார் மாத்திரை வாயிலயே உடைஞ்சுது. கசக்குதுன்னு துப்பினார். என்னுது கசக்கல. அப்பதான் புரிஞ்சுது. ஒரே வாசல்ல உட்கார்ந்தவங்கள்ல பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்குச் சுவத்துச் சுண்ணாம்பு! எந்த வீட்டுல இப்படிப் பரிமாறுவாங்க? வெள்ளிக்கிழமை ஒரே தட்டைச் சுத்தி உட்கார்ந்து குஸ்குஸ் சோறு தின்னு முடிச்சதும் நடுவுல இருக்கற கறியை என்ன பண்ணுவோம்? வீட்டுக்காரி கையால பிய்ச்சு எல்லார் முன்னாலயும் சமமா வைப்பா. நானும் வெச்சேன். ஆளுக்குப் பாதி கசப்பு, பாதி சுண்ணாம்பு. படிச்சவளுக்கு இல்லாத நியாயம் எனக்கு இருந்துச்சு."

"அல்லாலுக்கு?"

வாத்தியார்தான் முனகினார்.

"நேத்து அவன் முத முதல்ல பெரிய கல்யாணத்துல வாசிக்கறதா இருந்தான். கை நடுங்குதுன்னு அழுதான். விருந்தாளிக்கு நல்ல துண்டைத் தள்ளி வைக்கிற மாதிரி நாங்க எல்லாரும் எங்க கசப்புப் பங்கை அவன் பக்கம் தள்ளினோம். வேண்டாம்னான். போதும்னான். அதுக்கு முன்னாடியே, பாதிப் பங்குக்கே, அவனுக்கு லேசா இரைச்சிருக்கும்னு நினைக்கிறேன். மேளக்காரனுக்கு இரைப்புன்னு தெரிஞ்சா யார் கூப்பிடுவா? சொல்லல. லல்லா பத்தூல் அவன் தலையில கை வெச்சு, 'வல்லாஹி, நீ தின்னே ஆகணும்'னாங்க. அல்லாஹ் மேல சத்தியம் வெச்சுட்டா அதுக்கு மேல யாரால மறுக்க முடியும்? தின்னான்."

தெருவில் யாரோ கத்தும் சத்தம் கேட்டது. புஷைப்பின் ஆட்கள்.

"நான் வெளிய வந்து சொன்னா அவன் கத்தியோட வருவான்," என்றாள் பத்தூல். "டாக்டருக்கு வக்கீல் இருக்கான், படிப்பு இருக்கு. எனக்கு என்ன இருக்கு? டப்பாவைச் சரியா ஒப்படைச்சா எங்களுக்கு வம்பில்ல. போங்க."

தாமி ஏதோ சொல்ல முயன்றார். எச்சில் வழிந்ததுதான் மிச்சம். ஷாமா தன் கைக்குட்டையை அவரிடம் தூக்கிப் போட்டாள்.

"சரி லல்லா, போறோம். அல்லால் பிழைச்சுடுவான்னு சொல்றாங்க. நாளைக்கோ மறுநாளோ பேசுவான். போலீஸ் கேக்கும், யார் கொடுத்தான்னு. அவன் உங்க பேரைச் சொல்ல மாட்டான். ஏன்னா உங்க உப்பைத் தின்னவன். டாக்டர்தான் ஊட்டினாங்கன்னு குர்ஆன் மேல கை வெச்சுப் பொய்ச் சத்தியம்கூடப் பண்ணுவான், உங்களுக்காக. நிம்மதியா இருங்க."

பத்தூல் அவளை அறையப் போகிறவள் போல ஓர் அடி எடுத்து வைத்தாள். கை ஓங்கியது. பிறகு அந்தக் கை தாழ்ந்து, கொக்கியில் தொங்கிய மேலங்கியை எடுத்தது.

"உன் நாக்கையும் யாராவது மரக்கடிச்சா நல்லாருக்கும் பொண்ணே," என்றாள்.

அஸர் பாங்கு ஒலித்தபோது மருத்துவமனை வாசலில் போலீஸ் ஜீப் நின்றிருந்தது. டாக்டர் உம்ஹானி இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே படியிறங்கினாள். பேராசிரியர் மேல் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் நெருக்கியது. பத்தூல் அந்த நெரிசலைப் பிளந்துகொண்டு போய் புஷைப்பின் எதிரில் நின்றாள்.

"அவளை விடு. நான்தான் ஊட்டினேன். சத்தியம் வெச்சு ஊட்டினேன்."

முழுவதையும் சொன்னாள், கறி பிய்த்து வைத்த கதை உட்பட. வாத்தியார் லர்பி, அத்தனை பேர் முன்னால், மயங்கி விழாமல் நின்று, "ஆமாம், நானும்" என்றார். மூன்றாவது பெட்டியைப் போலீஸ் இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்தார்.

புஷைப்பின் கையில் இருந்த கல் கீழே விழவில்லை. அவன் அதை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"என் பொண்டாட்டிக்கு மருதாணி வெச்ச கைடி அது," என்றான். "இனி எங்க ஜனத்துல எந்தக் கல்யாணத்துக்கும் அந்தக் கை வராது. வந்தா வெட்டுவேன்." கல்லை ஜீப்பின் சக்கரத்தில் எறிந்துவிட்டு உள்ளே தம்பியைப் பார்க்கப் போனான். கூட்டம் அவன் பின்னால் கலைந்தது.

"பந்தயம்?" என்றார் தாமி. நாக்கு திரும்பிக்கொண்டிருந்தது.

"மூக்கு நிரபராதி. ஒத்துக்கறேன்," என்றாள் ஷாமா.

இன்ஸ்பெக்டர் டாக்டரின் கையை விட்டார். யாருக்கும் நன்றி சொல்லும் உத்தேசம் டாக்டருக்கு இருப்பதாகத் தெரியவில்லை. மேல் ஜன்னல் மூடுகிற சத்தம் கேட்டது. அவளுடைய ஆராய்ச்சி அறையும் இனி அப்படித்தான் மூடும் என்று எல்லாருக்கும் தெரியும்.

"முதல் வாரத்துலேர்ந்தா?" என்றாள் பத்தூலிடம், மிக மெதுவாக. "ஆரம்பத்துலேர்ந்தே கலந்தீங்களா?"

"ரெண்டாவது வாரத்துலேர்ந்து."

"அப்படின்னா ஒண்ணுமே மிச்சமில்ல. மூணு வருஷ உழைப்பு. ஒரு எண்ணைக்கூட நம்ப முடியாது. ஜெயிலுக்கே போயிருக்கலாம். அங்க போனாலும் என் கணக்கு சரின்னு நினைச்சுக்கிட்டு இருந்திருப்பேன். என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க தெரியுமா உங்களுக்கு?"

அவள் கைகள் நடுங்கின. மறைக்க அங்கிப் பைக்குள் நுழைத்தாள். பையும் சேர்ந்து நடுங்கியது.

பத்தூல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்திலும் சமாதானம் எதுவும் இல்லை. இடுப்புத் துணியின் மடிப்பை அவிழ்த்தாள். உள்ளே ஓரம் கீறிய ஒரே ஒரு மாத்திரை, அவளுடைய இன்றைய கசப்புப் பங்கு. கட்டைவிரல் நகத்தால் அதை இரண்டாக உடைத்து, ஒரு பாதியை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். அந்தக் கை அசையவே இல்லை.

"முதல்ல இதைச் சொல்லு," என்றாள் வெடுக்கென்று. "உனக்கு இரைப்பு உண்டா?"

டாக்டர் உம்ஹானி நிமிர்ந்து பார்த்தாள். எத்தனையோ பேரிடம் அவள் கேட்ட கேள்வி. அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா இல்ல."

"அப்ப வல்லாஹி," என்றாள் பத்தூல், "நீ தின்னே ஆகணும்."